பாட்டு அவர்களுடையது, பட்டா யாருடையது? – டீனேஜர்ஸ் குழுவின் வரலாறு

1956ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரத்தில் ஓர் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. பாடியவர்கள் ஐந்து பள்ளிச் சிறுவர்கள். மூவர் கறுப்பினத்தவர், இருவர் பியூர்ட்டோ ரிக்கோ குடும்பங்களில் பிறந்தவர்கள். முன்குரல் பாடியவருக்கு வயது 13. மற்ற நால்வரில் ஒருவர்கூட 16ஐத் தொட்டிருக்கவில்லை. பாட்டின் பெயர் 'வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்'. முட்டாள்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்று, காதல் இன்னதென்றே தெரியாத வயதில் ஒரு குரல் உச்சத்தில் நின்று கேட்கிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய இசைத்தட்டுகளின் நடுவில் ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருக்கும். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இன்னும் சில பெயர்கள் இருக்கும். அவைதான் பாட்டை எழுதியவர்களின் பெயர்கள். பாட்டுக் கேட்பவர் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் பணம் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் போகும் திசையை முடிவு செய்கிறது.

அந்தப் பொடி எழுத்துக்காக இந்தக் குழுவைச் சேர்ந்த இருவர் நீதிமன்றம் ஏறினார்கள். 1992இல் வென்றார்கள். 1996இல் தோற்றார்கள். அவர்கள் பாட்டை எழுதவில்லை என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. தாமதமாக வந்தீர்கள் என்று சொல்லித் தோற்கடித்தது. டீனேஜர்ஸ் குழுவின் வரலாற்றை நாம் பேச விரும்புவது இதனால்தான். பாட்டைப் பற்றிய வரலாறாக இது தொடங்கினாலும், ஆவணத்தைப் பற்றிய வரலாறாகத்தான் முடிகிறது.

தெருமுனை எப்படி மேடையானது?

இவர்கள் பாடிய இசைவகைக்கு டூ-வாப் என்று பெயர். அந்தப் பெயரே பின்னால் ஒட்டப்பட்டதுதான். 1940களின் இறுதியிலும் 1950களிலும் அதைப் பாடியவர்கள் அப்படி அழைக்கவில்லை. நான்கைந்து பேர் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் முன்குரலில் பாட்டைச் சொல்வார். ஒருவர் அடித்தொண்டையிலிருந்து கீழ்க்குரல் கொடுப்பார். மற்றவர்கள் பொருளற்ற அசைகளைச் சேர்த்திசையாகப் பாடிப் பின்னணி அமைப்பார்கள். அந்த அசைகள் வேடிக்கைக்காக வந்தவை அல்ல. கருவி இல்லாத இடத்தில் கருவியின் வேலையை அவை செய்தன. டிரம் வாங்க முடியாதவருக்கு வாயே டிரம். பேஸ் வாங்க முடியாதவருக்கு நெஞ்சுக்கூடே பேஸ்.

இதன் வேர் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் நால்வர் நால்வராகப் பாடிய பக்தி இசையில் இருக்கிறது. அதோடு 1930களில் புகழ்பெற்ற மில்ஸ் பிரதர்ஸ், இங்க் ஸ்பாட்ஸ் போன்ற குழுக்களின் வழியும் சேர்ந்தது. 1948இல் பால்டிமோரைச் சேர்ந்த ஓரியோல்ஸ் குழு 'இட்ஸ் டூ சூன் டு நோ' என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதன் பிறகு நகரத்துக்கு நகரம் இளைஞர்கள் குழு சேரத் தொடங்கினார்கள்.

இது நகரங்களில் நடந்ததற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் இடம்பெயர்ந்தார்கள். பண்ணையாரிடமிருந்தும், கும்பல் கொலையிலிருந்தும், தனிக் குழாய் தனிப் பள்ளி என்ற சட்டங்களிலிருந்தும் தப்பி வந்தவர்கள் அவர்கள். வடக்கில் அப்படிப் பலகை எழுதி வைக்கவில்லை. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டால் எந்தத் தெருவில் கிடைக்கும், எந்தத் தெருவில் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒரே பகுதிக்குள், ஒரே கட்டடத்துக்குள், ஒரே அறைக்குள் குடும்பங்கள் நெருங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்களும் பக்கத்துத் தெருக்களில் குடியேறின. வீட்டுக்குள் இடமில்லாத பிள்ளைகள் மாடிப்படிக்கும் நடைபாதைக்கும் வந்தார்கள். மாடிப்படிச் சுவரிலும், சுரங்க ரயில் நிலையத்திலும், பள்ளிக் கழிப்பறையிலும் குரல் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்டது. டூ-வாப் அங்கேதான் வளர்ந்தது.

இதை 'ஏழ்மையின் அழகு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பியானோ கிடைத்திருந்தால் பியானோவும் வாசித்திருப்பார்கள். இல்லாமையைக் கொண்டாட வேண்டியதில்லை. இல்லாமைக்குள் இருந்துகொண்டு அவர்கள் கட்டிய ஒழுங்கைத்தான் கொண்டாட வேண்டும். யார் எந்தச் சுருதியில் நிற்பது, யார் எப்போது மூச்சு விடுவது என்று நான்கைந்து சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமல் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது.

ஐந்து சிறுவர்கள்

மன்ஹாட்டன் தீவின் வடக்கே வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதியில் எட்வர்ட் டபிள்யூ. ஸ்டிட் என்ற நடுநிலைப் பள்ளி இருந்தது. அங்கே படித்த ஜிம்மி மெர்ச்சன்ட், ஷெர்மன் கார்ன்ஸ் என்ற இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் 1954 வாக்கில் பாட ஆரம்பித்தார்கள். கார்ன்ஸ் நெட்டையானவர், கீழ்க்குரல் அவருடையது. அந்தப் பகுதியிலேயே வசித்த ஹெர்மன் சான்டியாகோ, ஜோ நெக்ரோனி என்ற இருவர் அவர்களுடன் சேர்ந்தார்கள். இருவரும் பியூர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்கள். சான்டியாகோதான் முன்குரல். குழுவுக்குப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. எர்மைன்ஸ், பிரீமியர்ஸ் என்றெல்லாம் வைத்துப் பார்த்தார்கள்.

ஐந்தாவதாக வந்தவர் ஃபிராங்கி லைமன். 1942 செப்டம்பர் 30 அன்று ஹார்லெமில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா வீட்டு வேலை செய்தவர். இருவரும் பக்திப் பாடல் குழுவில் பாடியவர்கள். பிள்ளைகளும் அப்படியே பாடி வளர்ந்தார்கள். வீட்டு வருமானம் போதாததால் பத்து வயதில் ஃபிராங்கி மளிகைக் கடையில் வேலைக்குப் போனார். கடைப் பையனாக இருந்த அந்தச் சிறுவர்தான் குழுவில் மிகச் சிறியவர்.

குழு அடிக்கடி பாடுவதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தனக்கு வந்த காதல் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்து, மற்றவர்கள் பாட்டையே பாடாமல் சொந்தமாக ஒன்று செய்யுங்கள் என்றாராம். அந்தக் கடிதங்களில் இருந்த ஒரு வரியிலிருந்து, பறவைகள் ஏன் இத்தனை மகிழ்ச்சியாகப் பாடுகின்றன என்ற கேள்வியாகப் பாட்டு பிறந்தது என்று குழுவினர் பின்னாளில் சொல்லிவந்தார்கள். சான்டியாகோவும் மெர்ச்சன்ட்டும் அதை உருவாக்கினார்கள். லைமன் வந்த பிறகு அது இன்னும் மாறியது. தெருவில் பிறக்கும் பாட்டு அப்படித்தான் உருவாகும். ஒருவர் வரி கொடுப்பார், ஒருவர் மெட்டை வளைப்பார், ஒருவர் தொடக்கத்தில் நான்கு அசை சேர்ப்பார். யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காததுதான் பின்னால் வினையானது.

வேலன்டைன்ஸ் என்ற குழுவின் பாடகர் ரிச்சர்ட் பேரட் இந்தச் சிறுவர்கள் பாடுவதைக் கேட்டார். ஜார்ஜ் கோல்ட்னர் என்ற தயாரிப்பாளரிடம் அவர்களை அழைத்துப் போனார். கோல்ட்னர் லத்தீன் இசைக்காக டீகோ என்ற நிறுவனத்தை நடத்தியவர். கறுப்பின, லத்தீன் பகுதிகளின் இசையை நன்றாக அறிந்தவர். குரல் தேர்வு நாளில் சான்டியாகோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது என்பார்கள் சிலர். கோல்ட்னரே லைமனைப் பாடச் சொன்னார் என்பார்கள் சிலர். எப்படியோ, முன்குரல் லைமனிடம் போனது. ஒலிப்பதிவில் சாக்ஸபோன் வாசித்த ஜிம்மி ரைட் 'டீனேஜர்ஸ்' என்ற பெயரைத் தந்தார். கோல்ட்னரின் ஜீ நிறுவனம் தட்டை வெளியிட்டது.

தட்டு பறந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 6ஆம் இடம். ஜூலையில் பிரிட்டனில் முதலிடம். மார்பில் 'டி' என்ற எழுத்துப் பொறித்த வெள்ளை ஸ்வெட்டர் அணிந்து ஐந்து சிறுவர்களும் மேடை மேடையாக ஏறினார்கள். 1957இல் லண்டன் பல்லேடியம் அரங்கில் பாடினார்கள்.

நகல் எடுத்தவர்கள்

அந்தக் காலத்து வானொலியும் பிரிந்துதான் கிடந்தது. 1949 வரை பில்போர்டு இதழ் கறுப்பினத்தவர் இசைக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள் என்றே பெயர் வைத்திருந்தது. 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. பெயர் மாறியது, வேலி மாறவில்லை. கறுப்பினக் குழு ஒரு பாட்டைப் பாடி அது ஓடத் தொடங்கினால், சில வாரங்களிலேயே வெள்ளையினக் குழு ஒன்று அதே பாட்டை வழவழப்பாக்கிப் பாடும். பெரிய வானொலிகள் நகலைத்தான் ஒலிபரப்பும். 1954இல் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்ட்ஸ் குழுவின் 'ஷ-பூம்' பாட்டுக்கு நேர்ந்தது இதுதான். கனடாவிலிருந்து வந்த குரூ-கட்ஸ் குழு அதை நகலெடுத்து முதலிடம் பிடித்தது. மூலத்தைப் பாடியவர்களைவிட நகலெடுத்தவர்கள் பெரிய பெயர் பெற்றார்கள்.

டீனேஜர்ஸ் பாட்டுக்கும் நகல்கள் வந்தன. டயமண்ட்ஸ் குழு பாடியது, கேல் ஸ்டார்ம் பாடினார். ஆனால் இந்த முறை நகலால் மூலத்தை முந்த முடியவில்லை. கேல் ஸ்டார்மின் பதிவு 9ஆம் இடத்தோடும், டயமண்ட்ஸ் பதிவு 12ஆம் இடத்தோடும் நின்றன. ஐந்து சிறுவர்கள் 6ஆம் இடத்தில் இருந்தார்கள். இதை நாம் சிறிய வெற்றியாக நினைக்கவில்லை. வெள்ளையினப் பிள்ளைகளும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அசல் குரலைத்தான் கேட்டார்கள் என்பதற்கு அது சாட்சி.

வேலியைக் காத்தவர்களும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1957இல் ஏபிசி தொலைக்காட்சியில் ஆலன் ஃப்ரீட் 'தி பிக் பீட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். அதில் பாட வந்த லைமன், அரங்கில் இருந்த வெள்ளையினச் சிறுமி ஒருத்தியுடன் நடனமாடினார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒரு சிறுமியுடன் ஆடினான், நடந்தது அவ்வளவுதான். தென் மாநில நிலையங்கள் கொதித்தன. நிகழ்ச்சி விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவனின் பாட்டு வீட்டுக்குள் வரலாம், சிறுவன் வரக் கூடாது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

பொடி எழுத்தில் ஏறிய பெயர்

இனி அந்த வட்டக் காகிதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கும்போது, அதைப் பாடியவருக்குப் பணம் கிடைக்காது. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் கிடைக்கும். ஏஎம், எஃப்எம் வானொலிகளில் அன்றும் இதுதான் நிலை, இன்றும் இதுதான் நிலை. தட்டு விற்றால் எழுதியவருக்கு ஒரு பங்கு. வேறொருவர் அதே பாட்டைப் பாடினால் எழுதியவருக்கு ஒரு பங்கு. படத்தில் சேர்த்தால் ஒரு பங்கு. பாடுவது ஒரு நாள் கூலி என்றால், எழுதியவர் என்ற பெயர் நிலம் மாதிரி. தலைமுறைக்கும் விளையும். அதனால்தான் நாம் தலைப்பில் பட்டா என்று சொன்னோம்.

இது தெரிந்தவர்கள் தொழிலில் இருந்தார்கள். தெரியாதவர்கள் தெருமுனையில் பாடினார்கள். பாட்டெழுதியவர் வரிசையில் தயாரிப்பாளரும் வானொலி அறிவிப்பாளரும் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வது அன்று வாடிக்கை. சக் பெர்ரியின் 'மேபலீன்' பாட்டில் ஆலன் ஃப்ரீட்டின் பெயர் கூட்டு ஆசிரியராக ஏறியது பலருக்கும் தெரிந்த கதை. மேலே சொன்ன அதே ஃப்ரீட்தான். வேலியைத் திறந்துவிட்டவரே வேலிக்குள் ஒரு பங்கும் எடுத்துக்கொண்டார். வரலாற்றில் மனிதர்கள் இப்படித்தான் வருகிறார்கள், முழு நல்லவராகவும் இல்லை, முழுத் தீயவராகவும் இல்லை.

டீனேஜர்ஸ் பாட்டின் முதல் தட்டுகளில் லைமன், சான்டியாகோ, கோல்ட்னர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. பின்னால் வந்த பதிவுகளில் சான்டியாகோ காணாமல் போனார். லைமனும் கோல்ட்னரும் மட்டும் மிஞ்சினார்கள். மெர்ச்சன்ட்டின் பெயர் ஏறவே இல்லை. கோல்ட்னருக்குச் சூதாட்டப் பழக்கம் இருந்தது. கடன் முற்றித் தன் நிறுவனங்களை மோரிஸ் லெவி என்பவருக்கு விற்றார். பேர்ட்லேண்ட் இசை விடுதியையும் ரூலெட் இசைத்தட்டு நிறுவனத்தையும் நடத்திய லெவி, குற்றக் கும்பல்களோடு நெருக்கம் உள்ளவர் என்று பெயர் எடுத்தவர். பிறகு கோல்ட்னரின் பெயர் இருந்த இடத்தில் லெவியின் பெயர் வந்தது. பாட்டு பிறந்த தெருவை மிதிக்காத ஒருவர் பாட்டின் ஆசிரியராகிவிட்டார். ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுத, மை மட்டும் போதுமாக இருந்தது.

வயது வராத பிள்ளைகள் இதைப் படித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. அவர்களின் பெற்றோர் வீட்டு வேலைக்கும் லாரிக்கும் போனவர்கள். அந்தக் குடும்பங்களுக்கு வழக்கறிஞர் என்பவர் வேறொரு ஊரின் மனிதர்.

குழுவிலிருந்து ஒருவரைப் பிரித்தல்

முதல் தட்டில் 'ஃபிராங்கி லைமன் இடம்பெறும் டீனேஜர்ஸ்' என்றுதான் இருந்தது. பிறகு அது 'ஃபிராங்கி லைமனும் டீனேஜர்ஸும்' என்று திரும்பியது. வார்த்தைகள் இடம் மாறியதும் உறவும் மாறியது. 1957இல் லைமனைத் தனிப் பாடகராக்கினார்கள். ஐந்து பேருக்குப் பதில் ஒருவரோடு பேசுவது நிறுவனத்துக்கு எளிது. லைமன் இருந்த இடத்தில் பில்லி லோப்ரானோ என்ற வெள்ளையினச் சிறுவரைக் குழு சேர்த்துக்கொண்டது. கறுப்பினத்தவரும் பியூர்ட்டோ ரிக்கோவினரும் வெள்ளையினத்தவரும் ஒரே மேடையில் நின்ற குழுவாக அது ஆனது. ஆனால் ஓடவில்லை. லைமனின் தனிப் பாட்டுகளும் நிலைக்கவில்லை.

லைமனின் குரல் உடைந்தது. வளரும் எந்தச் சிறுவனுக்கும் நடப்பதுதான் அது. ஆனால் அவரை வைத்து நடந்த வியாபாரம் வளராத ஒரு குழந்தையை நம்பி நடந்தது. குழந்தை வளர்ந்ததும் வியாபாரம் முடிந்தது. பதினைந்து வயதிலேயே ஹெராயின் பழக்கம் தனக்கு வந்ததாக 1967இல் எபனி இதழிடம் லைமன் சொன்னார். ராணுவத்தில் சேர்ந்து ஜார்ஜியாவில் இருந்தார். பள்ளி ஆசிரியை ஒருவரை மணந்தார். திரும்பவும் பாடுவதற்காக நியூயார்க் வந்தார். ஒலிப்பதிவு ஏற்பாடாகியிருந்த நேரத்தில், 1968 பிப்ரவரி 27 அன்று, ஹார்லெமில் பாட்டி வீட்டுக் குளியலறையில் அளவு மீறிய ஹெராயினால் இறந்து கிடந்தார். வயது 25. பிராங்க்ஸில் அவரைப் புதைத்த இடத்தில் பல ஆண்டுகள் பெயர் எழுதிய கல்லே இல்லை.

'திறமை இருந்தது, ஒழுக்கம் இல்லை' என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். சமூகப் பணியில் இருக்கும் நாம் இந்த வாக்கியத்தைப் பல வீடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். பத்து வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டு, 13 வயதில் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டு, 15 வயதில் சுற்றியிருந்த பெரியவர்களால் போதைக்குள் விடப்பட்டு, 18 வயதில் கைவிடப்பட்ட ஒருவரிடம் ஒழுக்கம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்தப் பெரியவர்களிடம் யாரும் கேட்பதில்லை. 1956இல் 'ராக், ராக், ராக்!' என்ற படத்தில் இந்தச் சிறுவர்களைத் தாங்கள் குற்றம் செய்யும் பிள்ளைகள் அல்ல என்று பாட வைத்தார்கள். குற்றவாளி இல்லை என்று பாடி நிரூபிக்க வேண்டிய நிலையில் எந்தப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

"ஏன் இவ்வளவு தாமதம்?"

1981இல் டயானா ராஸ் இந்தப் பாட்டைப் பாடினார். அது அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. தூங்கிக் கிடந்த பாட்டு திரும்பவும் பணம் ஈட்டியது. லைமனின் மனைவி என்று மூன்று பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிளாட்டர்ஸ் குழுவில் பாடிய ஜோலா டெய்லர். கடைசியில் மேல்முறையீட்டில் ஜார்ஜியாவின் பள்ளி ஆசிரியை வென்றார். 1998இல் இதைப் படமாகவும் எடுத்தார்கள். மூன்று மனைவிகள் கதை சுவையானது. அதனால் பலருக்குத் தெரியும். அதே பாட்டுக்காக நடந்த இன்னொரு வழக்கு அத்தனை பேருக்குத் தெரியாது.

அதைத் தொடுத்தவர்கள் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் ஹெர்மன் சான்டியாகோவும். ஷெர்மன் கார்ன்ஸ் 1977இலும் ஜோ நெக்ரோனி 1978இலும் நாற்பதைத் தொடாமலே இறந்துபோயிருந்தார்கள். ஐவரில் மிஞ்சியவர்கள் இந்த இருவர்தான். பாட்டை உருவாக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். லெவியிடம் நேரில் கேட்கப் போனபோது மிரட்டப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த லெவி வேறொரு மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் 1988இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, சிறைக்குப் போகும் முன்பே 1990இல் இறந்தவர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். 1992இல் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரிகள் மெர்ச்சன்ட்டும் சான்டியாகோவும் கூட்டு ஆசிரியர்கள்தான் என்று முடிவு சொன்னார்கள். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் சொன்னதை ஒரு சபை கேட்டது.

நான்கு ஆண்டுகள்தான் அது நிலைத்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமைக்கான காரணம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தாங்கள்தான் எழுதினோம் என்பது இவர்களுக்கு எப்போதோ தெரியும், ஆகவே கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். பாட்டின் ஆசிரியர்களாக லைமன், லெவி என்ற பெயர்களே நின்றன.

கெடு என்ற ஒன்று சட்டத்தில் ஏன் இருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது. சாட்சிகள் இறந்துபோவார்கள், நினைவு மங்கும், எதிர்த் தரப்புக்கும் ஒரு முடிவு வேண்டும். ஆனால் கெடு என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடும் கடிகாரம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு 3 ஆண்டுகள் நீண்ட காலம். வயது வராத பிள்ளைக்கு, பயந்தவருக்கு, வாடகைக்கே திண்டாடுபவருக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மனு எழுத மக்களோடு உட்கார்ந்த அனுபவம் நமக்கு உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு வரியில் சொல்லும் பதில் யாரிடமும் இருப்பதில்லை. வராமல் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களை எழுத மனுவில் கட்டம் இருக்காது.

மிஞ்சியது எது?

இந்தக் குழு பாடியது சில ஆண்டுகள்தான். ஆனால் அது போட்ட வழி நீளமானது. நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லெமில் ஒரு சிறுமி லைமனின் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்தக் குரலோடு சேர்ந்து பாடியே பாடக் கற்றுக்கொண்டார். அவர்தான் பிறகு ரானெட்ஸ் குழுவின் ரானி ஸ்பெக்டர் ஆனார். டீனேஜர்ஸைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் பேரட், பிராங்க்ஸ் பள்ளிச் சிறுமிகளின் சான்டல்ஸ் குழுவையும் மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு சிறுவனின் உயர்ந்த குரலை முன்னிறுத்தி, பின்னால் மற்றவர்களை நிறுத்தும் வார்ப்பு 1969இல் ஜாக்சன் 5 குழுவில் திரும்ப வந்தது. மைக்கேல் ஜாக்சனின் சிறுவயதுக் குரலைக் கேட்ட பலருக்கும் லைமன் நினைவுக்கு வந்தார். பீச் பாய்ஸ் குழு 1964இல் இதே பாட்டைப் பாடியது. 1980இல் வெளிவந்த மேடைப் பதிவில் ஜோனி மிட்செலும் பாடினார்.

இவை வரலாற்று நூல்களில் இருக்கும் பட்டியல். நாம் இதோடு இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறோம். கறுப்பினப் பிள்ளைகளும் பியூர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகளும் ஒரே தெருவில் நின்று, ஒருவர் சுருதியை மற்றவர் கேட்டுப் பாடியது ஓர் அரசியல் செயல். அவர்கள் அதை அரசியல் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சேர்த்திசையில் அடுத்தவர் குரலைக் கேட்காமல் யாராலும் பாட முடியாது. அந்த நகரம் பிரித்து வைத்த இரண்டு மக்கள் கூட்டங்கள் ஒன்றையொன்று கேட்டதால் பிறந்த பாட்டு இது. அதனால்தான் சான்டியாகோவின் பெயர் அழிந்தது வெறும் பணக் கணக்கு இல்லை. அந்தப் பெயர் போனதோடு, அந்தப் பாட்டில் பியூர்ட்டோ ரிக்கோச் சமூகத்துக்கு இருந்த பங்கும் பார்வையிலிருந்து மறைந்தது. டூ-வாப் வரலாற்றில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

1993இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் ஃபிராங்கி லைமன் அண்ட் தி டீனேஜர்ஸ் குழுவைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஐந்து பெயர்களும் இருக்கின்றன. லைமன், சான்டியாகோ, மெர்ச்சன்ட், நெக்ரோனி, கார்ன்ஸ். மரியாதை கிடைத்தது. உரிமை கிடைக்கவில்லை. மாலையைப் போடுவதில் யாருக்கும் சிரமம் இருப்பதில்லை. பட்டாவில் பெயரைச் சேர்ப்பதில்தான் எல்லாச் சிரமமும் வருகிறது. கொண்டாடுகிறோம் என்று சொல்கிற எவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, ஏட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான்.

ஆகவே நண்பர்களே, நம் வீடுகளிலும் தெருக்களிலும் பாடுகிற, பறை அடிக்கிற, ஆடுகிற, எழுதுகிற பிள்ளைகள் இருந்தால், அவர்கள் செய்ததைத் தேதியோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். யார் வரி கொடுத்தது, யார் மெட்டு போட்டது, யார் அந்த நான்கு அசையைச் சேர்த்தது என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைத்தட்டல் கிடைக்கும் அன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள். வாஷிங்டன் ஹைட்ஸின் ஐந்து சிறுவர்களுக்கு இதைச் சொல்ல அன்று ஒருவர்கூட இல்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.